சேலை கட்டிய சிரிப்பு

மாலைப் பனி இறங்கி, கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலைச் செடிகள் கண்ணுக்கு மறையும் வேளையில், தோட்டத்து வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒளிரத் தொடங்குகின்றன. கூரையோரத்து ஆஸ்ட்ரோ தட்டின் வழியே சென்னையிலிருந்து வந்து சேரும் நிகழ்ச்சிகளுள் நகைச்சுவைத் துணுக்கு நாடகங்களுக்கு இங்கே தனி வரவேற்பு உண்டு. ஐந்தாறு நிமிடம் நடக்கும் சிறு நாடகம். நடிப்பவர் மூவர் அல்லது நால்வர். அவருள் ஒருவர் சேலை கட்டியிருப்பார். சேலை கட்டியவர் பல வேளைகளில் ஆடவராக இருப்பார்.

இதனைக் கண்டு சிரிப்பவர் பலர், முகஞ்சுளிப்பவர் சிலர். முகஞ்சுளிப்பவரிடையேயும் ஒத்த கருத்து இல்லை. பெண்களுக்கு நகைச்சுவை இயல்பாக வாராது, ஆகவேதான் ஆடவர் சேலை கட்ட நேர்கிறது என்பர் ஒரு சாரார். பெண்களால் இயலும், ஆயினும் இரட்டைப் பொருட்பேச்சு மலிந்த அம்மேடை அவர்களுக்கு ஏற்றதன்று, ஒதுங்கி நிற்பதே நன்று என்பர் மற்றொரு சாரார். பெண்ணொருத்தியை மேடையில் ஏற்றிவிட்டால் குறை தீர்ந்தது என்று கருதுவாரும் உளர். இவர்கள் யாவரும் ஒரு கேள்வியைக் கேளாமலே விடுகின்றனர். நாடகத்தில் நகைப்பவர் யார், நகைக்கப்படுபவர் யார் என்பதே அக்கேள்வி.

முதற் கருத்து தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தோபர் ஹிட்சன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2007-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'வேனிட்டி ஃபேர்' இதழில் இதனையே ஒரு கட்டுரையாக எழுதினார். பெண்ணின் மனத்தைக் கவர ஆணுக்கு நகைச்சுவை வேண்டியிருக்கிறது, பெண்ணுக்கோ அத்தேவை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டே அதே இதழ் அலெசாண்ட்ரா ஸ்டான்லி எழுதிய மறுப்பை வெளியிட்டது. அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' 1975-ஆம் ஆண்டில் தொடங்கியபோதே அதன் நடிகர் குழுவில் கில்டா ராட்னர், ஜேன் கர்ட்டின், லாரைன் நியூமன் என மூன்று பெண்கள் இருந்தனர். ஆனால் அந்நிகழ்ச்சியின் தலைமை எழுத்தாளர் பொறுப்பு ஒரு பெண்ணுக்கு, டினா ஃபே என்பவருக்கு, வந்து சேர்ந்தது 1999-ஆம் ஆண்டில்தான். நடிப்பதற்கு இடம் கிடைத்ததற்கும் எழுதுவதற்குத் தலைமை கிடைத்ததற்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள். இவ்விடைவெளியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நிற்க. தமிழில் பெண்களுக்கு நகைச்சுவை வாராது என்று கூறுவோர் டி. ஏ. மதுரத்தை மறந்தவராதல் வேண்டும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் அவரும் 1936-ஆம் ஆண்டில் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது இணைந்தவர்கள். அவர்களுடைய காட்சிகளில் மதுரம் கணவரின் பேச்சுக்குத் தலையாட்டும் பொம்மையல்லர். அவர் கேட்பார், மடக்குவார், சில இடங்களில் கலைவாணரையே விழிக்கவும் வைப்பார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ஆம் ஆண்டு இறுதியில் கலைவாணர் கைதாகி, 1947-ஆம் ஆண்டில் விடுதலையாகும் வரை, நாடகக் குழு கலைந்து போகாமல் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு காத்தவரும் மதுரமே. சிரிக்க வைக்கும் தொழிலை அதன் வரவு செலவோடு அறிந்திருந்த பெண்மணி அவர்.

எம். சரோஜாவின் திறன் வேறு வகையினது. 'கல்யாணப் பரிசு' 1959-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுத்தாளன் என்று பொய் சொல்லித் திரியும் கணவராகத் தங்கவேலு நடித்த பகுதியைத் தமிழர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர். பாராட்டு முழுவதும் தங்கவேலுக்கே செல்கிறது. ஆனால் அப்பொய்யை நம்பும் மனைவியின் முகம் இல்லையேல் அப்பொய்யில் சுவை ஏது? நம்புவதுபோல் நடிப்பது எளிதன்று. எதிரே இருப்பவர் சிரிப்பை வாங்கிக் கொண்டு போவதற்காகத் தம் முகத்தை அசையாமல் வைத்திருப்பது ஒரு கலை. அதற்குக் கைதட்டல் குறைவு.

மனோரமாவைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. பள்ளத்தூர்ப் பாப்பாவாக மேடையேறி, 1958-ஆம் ஆண்டில் 'மாலையிட்ட மங்கை'யில் திரைக்கு வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி ஒன்றே போதும். ஊர் ஊராய்ச் செல்லும் நாடகக்காரி அவள். பேச்சு வெள்ளந்தியாக வருகிறது, கேட்பவர் சிரிக்கிறார். சிறிது நேரம் சென்றபின், இவள் எல்லாவற்றையும் அறிந்துகொண்டே பேசுகிறாள் என்பது புலனாகிறது. அப்போது சிரித்தவர்க்குச் சற்றே வெட்கமும் வருகிறது. இது மனோரமாவின் தனி வெற்றி.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தை நினைவுகூர்தல் பொருந்தும். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைக்கிறது. அந்நகை பிறக்கும் களங்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் கூறுகிறது. இவற்றை ஆணுக்கு என்றும் பெண்ணுக்கு என்றும் ஆசிரியர் பிரித்தாரல்லர். உரைகாரராகிய பேராசிரியர் ஒரு படி மேலே சென்று எள்ளலை இரண்டாகக் காண்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இந்நுட்பமான பாகுபாட்டை இன்றைய தொலைக்காட்சி நாடகங்களின்மேல் வைத்துப் பார்த்தால் பல செய்திகள் தெளிவாகும். இன்னொன்றும் கூறலாம். நகையின் களங்களுள் ஒன்றாகிய மடன், வேறோரிடத்தில் அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்துப் பெண்ணின் இயல்பாகக் கூறப்படுகிறது. பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாமையே மடன் என்பது உரை. பெண்ணுக்கு அணியென்று கொடுத்த குணமும், மேடையில் அவளைக் கண்டு சிரிக்கச் செய்யும் குணமும் ஒன்றாகவே இருப்பது தற்செயலோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சி நாடகத்தில் பெண்ணுக்கு வாய்க்கும் வேடங்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு அந்த ஐயம் வலுப்படும். ஒன்றும் அறியாத மனைவி, கடைக்குப் போனால் திரும்பாத மனைவி, சமைக்கத் தெரியாத புதுமணப்பெண்: எல்லாம் பேதைமையும் மடனும். எள்ளும் உரிமை மட்டும் கணவனுக்கும் அவன் நண்பனுக்கும் உரியதாகிறது.

ஆடவர் பெண்வேடம் புனைவதே தவறு என்பது இதன் பொருளன்று. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் நடக்கும் காமன் கூத்தில் இரதியாக ஆடுபவர் ஆடவரே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே பெண்வேடம் ஏற்றனர். அம்மரபில் வளர்ந்த தி. க. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழ் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1996-ஆம் ஆண்டில் கமல்ஹாசன் பெண்வேடம் புனைந்த 'அவ்வை ஷண்முகி'யின் தலைப்பே அப்புகழை நினைவூட்டுவது. மறுபுறம், கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு குழு நடத்தினார். ஆண்வேடங்களையும் பெண்களே ஏற்றனர். வேடமாற்றம் நம் மேடைக்குப் பழையது. சண்முகத்தின் ஔவையைக் கண்டவர்கள் ஔவையைக் கண்டனர். இன்றைய துணுக்கு நாடகத்திலோ சேலைக்குள் இருப்பவர் ஆடவர் என்பது ஒரு கணமும் மறவாதபடி காட்டப்படுகிறது. அவ்வாறு காட்டுவதே நகைச்சுவையாகவும் ஆகிறது.

விஜய் தொலைக்காட்சியில் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய 'லொள்ளு சபா' திரைப்படங்களைக் கேலி செய்தபோது பெண்வேடமிட்ட ஆடவரைப் பயன்படுத்தியது. அதன் எள்ளல் பெரிய நடிகர்களின் பகட்டை நோக்கியது. ஆகவே அதில் ஒரு துணிவு இருந்தது. 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' பகுதியில் அத்துணிவு தேய்ந்து சேலை மட்டும் எஞ்சியது எனலாம். அங்கே ராமர் என்னும் நகைச்சுவையாளர், ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சியை நடத்திய லட்சுமி ராமகிருஷ்ணனைப் பெண்வேடத்தில் நடித்துக் காட்டிப் பெரும் பெயர் பெற்றார். அவ்வம்மையார் நிகழ்ச்சியில் கூறிய ஒரு தொடர் ஊரெங்கும் கேலியாகி, 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரஜினி முருகன்' படத்தில் பாட்டாகவும் ஆயிற்று. அவர் தம் மனவருத்தத்தை வெளிப்படையாகவே கூறினார். கேலியைத் தாங்க வேண்டாமா என்றனர் சிலர்.

தாங்கத்தான் வேண்டும். ஏழைக் குடும்பங்களின் உட்சண்டையை ஊரறிய விசாரிக்கும் ஒரு நிகழ்ச்சி எள்ளலுக்கு உரியதே. ஆனால் அத்துணுக்கு நாடகம் எள்ளியது எதனை? ஏழையின் கண்ணீரைக் காட்சிப்பொருளாக்கும் முறையை அன்று. நடத்தியவரின் குரலையும் கையசைவையும் சேலைக் கட்டையும். அதே நிகழ்ச்சியை ஆடவர் ஒருவர் நடத்தியிருந்தால் கேலியின் பாதி ஆடைக்குச் செலவாகியிராது. நல்ல எள்ளலுக்கு வாய்த்த இடம் வீணாயிற்று என்பதே வருத்தம்.

இரண்டாம் கருத்தினர் கூறும் ஒழுக்கக் கவலையையும் இங்கே ஆராயலாம். மேடைப்பேச்சு கொச்சையாகிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெண்கள் ஒதுங்கினால் கொச்சை குறையுமா? பக்கத்தில் ஒரு பெண் நிற்கும்போது ஒருவன் சொல்லத் தயங்கும் சொல்லை, சேலை கட்டிய ஆடவனிடம் தயங்காமல் சொல்லுகிறான். பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சு, கேட்பதற்குப் பெண் இல்லாத இடத்தில்தான் கட்டவிழ்ந்து போகிறது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தில் பபூனோடு ஆடும் நடிகைக்கு ஊர் வைக்கும் பழியைச் சூசன் சைசர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சிரிப்பை வேண்டி வந்த கூட்டமே, சிரிக்க வைத்தவளைத் தாழ்த்தியும் பேசுகிறது. இந்தப் பழிக்கு அஞ்சியே பல குடும்பங்கள் பெண்களை மேடைக்கு விடுவதில்லை. பழி சொல்லும் வாயை விட்டுவிட்டுப் பழிக்கு ஆளானவளை அகற்றுவது எவ்வகை மருத்துவம்?

மேடையில் பெண்ணை ஏற்றினால் போதும் என்போர்க்கு அறந்தாங்கி நிஷாவே தக்க சான்று. பட்டிமன்றத்தில் பேசிப் பழகி, 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சியால் பெயர் பெற்றவர். குடும்பத்துச் செய்திகளைத் தம் ஊர்ப் பேச்சில் அவர் சொல்லத் தொடங்கினால், மாமியாரும் கணவரும் பக்கத்து வீட்டுக்காரியும் அவர் ஒருவர் வாயிலேயே நடமாடுவர். எள்ளுபவர் அவர், அவையினர் அவர் கைக்குள். அவரே பிறர் எழுதிய துணுக்கில் நிற்கும்போது, அவருடைய நிறமும் உடலும் கேலிக்கு இலக்காகின்றன. அவரும் சேர்ந்து சிரிக்கிறார். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை இதுவே. தன்னைத் தானே கேலி செய்துகொள்வது மனத்துணிவு என்பாரும், மேடைக்குள் நுழைய அவர் கட்டும் சுங்கவரி அது என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். சுங்கம் ஆடவர்க்கு இவ்வளவு இல்லை என்பது மட்டும் கண்கூடு. பட்டிமன்ற மேடையில் சாலமன் பாப்பையா நடுவராக இருக்க, பாரதி பாஸ்கர் பேசும்போது அவை குலுங்கிச் சிரிக்கிறது. பெண்ணுக்கு நகைச்சுவை வாராது என்று அங்கே எவரும் சொல்வதில்லை. காரணம் எளிது. அங்கே அவர் பேசுவது அவர் எண்ணிய சொல்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி பிரிட்டனில் வாழும் இந்தியர்களிடமிருந்து கிடைத்தது. பிபிசி 1998-ஆம் ஆண்டில் ஒளிபரப்பத் தொடங்கிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' துணுக்கு நாடகத் தொடரின் நடிகர் நால்வருள் மீரா சியாலும் நினா வாடியாவும் பெண்கள். மீரா சியால் எழுதியவரும் ஆவார். இரண்டு தாய்மார் தத்தம் மகனின் பெருமையை ஒருவரை ஒருவர் விஞ்சிப் பேசும் துணுக்கு அதில் பெயர்பெற்றது. உடற்கேலி வேண்டியிருக்கவில்லை; கணவன் வாயிலிருந்து வரும் இகழ்ச்சியும் வேண்டியிருக்கவில்லை. தாய்மாரின் பெருமைப் பேச்சை அருகிருந்து கேட்ட காது ஒன்று வேண்டியிருந்தது. தேர்வு முடிவு வரும் நாளில் தானா ராத்தா கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றவர்க்கு அத்துணுக்கு அயலாகத் தோன்றாது. மலேசியாவில் மலாய்த் துணுக்கு நாடகத்துக்குப் பெரும் புகழ் தேடித்தந்த 'செனாரியோ' குழு 1996 முதல் டிவி3-இல் வலம்வந்தது. அதன் உறுப்பினர் அனைவரும் ஆடவரே. ஆகவே இது தமிழர்க்கு மட்டும் உள்ள குறை என்று தாழ்வுற வேண்டியதில்லை.

தேயிலைக் காட்டில் எள்ளும் பெண்ணுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த இலங்கை மலையக மக்கள் பாடல்களில் கங்காணியும் துரையும் கேலிக்கு ஆளாகின்றனர். கொழுந்து பறிக்கும் நிரையில், கங்காணி காது எட்டாத தூரத்தில் பிறந்த எள்ளல் அது. போ தோட்டம் 1929-ஆம் ஆண்டில் தோன்றிய நாள் தொட்டுக் கேமரன் மலையில் கொழுந்து கிள்ளிய தமிழ்ப் பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று பலர் மலையிறங்கிவிட்டனர். நிரைகளில் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். எஞ்சிய குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். ஆண்டு விழா நெருங்கும்போது அங்கே நடக்கும் பங்கீடு பெரும்பாலோர் அறிந்ததே. பெண் பிள்ளைகளுக்குக் கோலாட்டமும் நடனமும். ஆண் பிள்ளைகளுக்கு நகைச்சுவை நாடகம். நாடகத்தில் மாமியார் வேண்டுமென்றால், குரல் உடையாத பையன் ஒருவனைத் தேடிப் பிடித்துச் சேலை கட்டுகின்றனர். அதே வகுப்பின் பின்வரிசையில், ஆசிரியர் வெளியே சென்ற மறுகணம் அவர் நடையையும் இருமலையும் அப்படியே செய்துகாட்டி நாற்பது பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் சிறுமி, கோலாட்டக் கழியோடு வரிசையில் நிறுத்தப்படுகிறாள்.