பிரயோஜனம் என்ன? – உ.வே.சா. இளமையில் படித்த நூல்கள்

ஆர்.கே.புரத்திலும் சரி, ஊரிலும் சரி, இலக்கியக் கூட்டங்களில் டாக்டர் உ.வே.சாமிநாதையரைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் தவறாமல் ஒரு காட்சியைச் சொல்வார்கள். நாள் 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க, கல்லூரித் தமிழாசிரியரான 25 வயது இளைஞர் போகிறார். என்னென்ன படித்தீர்கள் என்று கேள்வி. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பொருளில் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை உண்டா என்கிறார். பேச்சாளர் இங்கே சற்று நிறுத்துவார். அதுவரை ஐயர் படித்ததெல்லாம் வீண், அன்றுதான் அவர் தமிழ் படிக்க ஆரம்பித்தார் என்று முடிப்பார். கைதட்டல்.

எனக்கு இதில் சம்மதமில்லை. 'என் சரித்திர'த்தை மூன்று தடவை முழுக்கப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த நூலின் முற்பகுதியே அந்த வீண் படிப்பின் கதைதானே! தகப்பனார் சங்கீத வித்துவான். குடும்பம் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாது. அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. எந்த ஊரில் யார் எதைச் சொல்லித்தருவாரோ, அதைப் பையன் வாங்கிக்கொள்கிறான். பிறகு 1871இல், பதினேழாம் வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறார். அங்கேயும் முதலில் கிடைத்தது திரிபந்தாதியும் பிள்ளைத்தமிழும்தான்.

இப்போது சிந்தாமணிச் சுவடிக்கு வருவோம். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஒகரமா ஓகாரமா, எகரமா ஏகாரமா, தெரியாது. 'ர' என்றும் படிக்கலாம், கால் என்றும் படிக்கலாம். பாட்டும் உரையும் ஒன்றாய் ஓடும். எழுதினவர் கை தவறின இடங்கள் வேறு. இதில் 3,145 பாட்டு! இந்தக் காட்டில் வழி காட்டியது எது? ஓசை. சீர் எங்கே உடைகிறது, எதுகை எங்கே தப்புகிறது என்று காது சொல்ல வேண்டும். அந்தக் காது 1880இல் முளைத்ததா? யமகமும் திரிபும் ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்த பையனுக்கு வந்த காது அது. திரிபந்தாதியில் என்ன வேலை? அடிதோறும் முதலெழுத்து மட்டும் மாறும், மற்ற எழுத்துகள் மாறாமல் வரும், ஆனால் பொருள் வேறு. ஒரே எழுத்துத் தொடரை நாலு விதமாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி. சுவடி படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா? முதலியார் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். அவர் கேட்காவிட்டால் 1887இல் சிந்தாமணி அச்சில் வந்திராது. ஆனால் அதே கேள்வியைச் செங்கணத்தில் யாராவது கேட்டுப் பையனைத் தடுத்திருந்தாலும் அது வந்திராது.

நான் வியாபாரி. எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும்: சரக்கு வாங்கிப் போட்ட வருஷம் ஒன்று, விலை போன வருஷம் ஒன்று. நடுவில் வந்து பார்க்கிறவனுக்கு அது முடங்கிய முதல்.

அதற்காக இளமைப் படிப்பைத் தலையில் தூக்கி வைத்தும் ஆட முடியாது. அது ஒரு குறையையும் செய்தது. 25 வயதுவரை, அத்தனை நூல் படித்த ஒருவருக்குச் சிந்தாமணியின் கதையே தெரியவில்லை. அது ஜைன நூல் என்பதனால் வருகிற சொற்கள், தத்துவங்கள் ஒன்றும் பிடிபடவில்லை. இது அவர் குற்றம் அல்ல. அவர் வளர்ந்த கல்விமரபில் அப்படி ஒரு சுவர் இருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவாமிநாத தேசிகர் 17ஆம் நூற்றாண்டிலேயே தம் இலக்கணக் கொத்தில், சிந்தாமணி முதலானவற்றைப் படித்து நாளை வீணாக்குகிறார்களே என்று வருந்தியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பையன் கையில் முதலில் கிடைத்த நன்னூல் பவணந்தி முனிவர் செய்தது, காரிகை அமிதசாகரர் செய்தது. இருவரும் ஜைனர். இலக்கணம் சுவரைத் தாண்டி வந்துவிட்டது, காப்பியம் வரவில்லை!

கடைசியில் அவர் பொருள் தேடிப் போன இடம் கும்பகோணத்து ஜைனர் வீடுகள். சந்திரநாத செட்டியார் வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணம், வீடு விழாக்கோலம். என்ன விசேஷம் என்றால், ஆறு மாதமாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாம். ஊரில் புலவர்களுக்குத் தெரியாத நூல், ஒரு தெருவில் வீட்டுச் சடங்காக இருந்திருக்கிறது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். அப்புறம் தூங்கும்வரை நேரம் நீளமாகக் கிடக்கும். ஆயா விளக்கடியில் உட்கார்ந்து ஸ்ரீபுராணம் படிக்கச் சொல்லிக் கேட்பாங்க. படிக்க வேண்டியது நான். மணிப்பிரவாள நடை, பத்து வயதில் எனக்கு ஒரு வாக்கியமும் புரியாது. தப்பாகப் படித்தால் மட்டும், எழுத்துத் தெரியாத ஆயா, "இல்லடா, திருப்பிப் படி" என்பாங்க. காதால் கற்ற படிப்பு. மற்ற நேரம் அம்புலிமாமாதான், அதையும் சொல்ல வேண்டும். பிழைப்புக்காக டில்லி வந்து, நாற்பது வயதுக்கு மேல் சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, 'கதி', 'பவ்யன்', 'சமவசரணம்' ஒன்றுக்கும் நான் அகராதி பார்க்கவில்லை. சந்திரநாத செட்டியாரும் இப்படித்தான் சின்ன வயதில் கேட்டு வளர்ந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆகவே சிந்தாமணிப் பதிப்பு என்பது இரண்டு இளமைப் படிப்புகள் சந்தித்த இடம் என்பது என் கருத்து. ஐயரிடம் ஓசை இருந்தது, பொருள் இல்லை. செட்டியார் வீட்டில் பொருள் இருந்தது, பதிப்பிக்கும் புலமை இல்லை. முதலியார் செய்தது இவரை அந்த வாசலுக்கு அனுப்பியது.

ஐயர் இதைச் சொன்னபோது வயது எண்பத்தைந்தை ஒட்டி. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அடக்கமான மனிதர். தம் பழைய படிப்பைத் தாமே குறைத்து, முதலியாரை உயர்த்திச் சொல்கிறார். அந்த அடக்கத்தைத்தான் நம் பேச்சாளர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே நம் வீடுகளில் அந்தக் கேள்வி வேறு உருவில் வருகிறது. பிள்ளை தமிழ்ப் பாட்டு மனப்பாடம் பண்ணினால், "இதுக்கு மார்க் உண்டா?" என்கிறோம். என் மகனும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

போன மே மாத லீவில் பேத்தி இந்த நூலை எடுத்து, எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படித்தாள். "தாத்தா, அந்தாதின்னா என்ன?" என்றாள். ஒரு பாட்டு எதில் முடிகிறதோ அதில் அடுத்த பாட்டு தொடங்கணும் என்றேன். "அட, ஸ்கூல் பஸ்ஸில் நாங்க விளையாடற அந்தாக்ஷரி!" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.