வழக்குரை காதையும் ‘ஜெய் பீம்’ திரைப்படமும்

நிகழ்ந்த வழக்குகளைத் தழுவி எழும் திரைப்படங்களை இருவகையாகப் பகுக்கலாம். கொலைமுயற்சி வழக்கொன்றைத் தழுவிய ‘ரிவர்சல் ஆஃப் பார்ச்சூன்’ (1990) என்னும் அமெரிக்கப் படம், குற்றம் நிகழ்ந்ததோ என்னும் ஐயத்தை இறுதிவரை நிறுத்துவது. த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ (2021) ஐயம் களைவதையே நோக்கமாகக் கொண்டது. பின்னதனை ஈண்டு ஆராய்வாம்.

1993ஆம் ஆண்டு, நகைத் திருட்டு ஐயத்தின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். அவர்தம் உடல் கிடந்த மீன்சுருட்டிப் பகுதி இன்று அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அவர் மனைவியின் பொருட்டு வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். குற்றம் புரிந்தோர்க்குத் தண்டனை உறுதியாக 2006 வரை, 13 ஆண்டுகள் சென்றன.

சிலம்பு பயின்றார்க்கு இவ்வழக்கு புதிதன்று. கோவலனும் நகை திருடினான் என்னும் பழியாலேயே, ஆராய்ச்சியின்றிக் கொல்லப்பட்டான். ஆயின் கண்ணகிக்கு ஒரு சிலம்பு இருந்தது. அஃது உடைந்த அளவிலே உண்மை வெளிப்பட்டது. செங்கேணிக்கு அத்தகு சான்று இல்லை. ‘தப்பியோடினர்’ என்னும் காவலர் கூற்றினைக் குறுக்கு விசாரணையால் சிறிது சிறிதாகத் தகர்த்தல் வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை விசாரித்தல் அரிது. கேரளத்து ராஜன் வழக்கினை முன்காட்டியே படத்தின் வழக்கறிஞர் அதற்கு இசைவு பெறுகிறார். அறிந்ததனை மெய்ப்பித்தல் எத்துணை அரிது என்பதே இப்படத்தின் உயிர்நிலை எனலாம்.

கண்ணகி தானே வழக்குரைத்தாள். செங்கேணிக்காகப் பிறர் உரைக்கின்றனர். அதனால் அவள் பின்தள்ளப்பட்டாள் என்பாரும் உளர். அக்கூற்று ஒருபுடை உண்மையே. எனினும், காவல்துறைத் தலைவர் தரமுன்வந்த பொருளை அவள் மறுக்கும் இடத்தை அன்னோர் நினைதல் வேண்டும். கணவனைக் கொன்றார் பொருளால் மக்களை வளர்க்க ஒருப்படாத அவ்வுரையே இப்படத்தின் வழக்குரை காதை. அது நீதிமன்றத்திற்குப் புறத்தே நிகழ்கிறது.

குறையொன்றும் சுட்டற்பாலது. மெய் வழக்கிற்குரியோர் குறவர் குடியினர். படம் அவரை இருளராக்கிற்று. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும், இறந்தார் பெயரையும் வழக்கறிஞர் பெயரையும் காத்த படம், குடிப்பெயரையும் காத்திருத்தல் வேண்டும். வழக்கினைப் படத்தின் வாயிலாகவே அறிவார் பலர். அவர்பால் ஒரு குடியின் துயரம் மற்றொரு குடியின் பெயரில் நிலைத்துவிடும்.

பிழையுணர்ந்த பாண்டியன் அக்கணமே உயிர் நீத்தான். பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த இப்பெண்ணின் முன் அவ்வாறு வீழ்ந்த அரியணை எதுவும் இல்லை.