ஒரு நாளுக்கு ஒரு சிற்பம், ஒரு சாப்பாடு

பிரான்ஸுக்குக் கிளம்பும் தம்பதிகள் யார் வழி கேட்டாலும் நான் பர்கண்டியைத்தான் சொல்வேன். பாரிஸின் லியோன் ரயில் நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் திஜோன். அங்கிருந்து தெற்கே 40 கிலோமீட்டரில் போன் நகரம். அதற்கும் மேற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் ஓத்தன். மூன்றும் காலாற நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர்கள். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு மன்னர்களுக்கே சரிசமமாக நின்ற பர்கண்டி டியூக்குகளின் செல்வம் இங்கே கல்லாகவும் ஓவியமாகவும் எஞ்சியிருக்கிறது. அந்த மண்ணின் திராட்சையும் ஷரோலே மாடும் பாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு வருகின்றன.

இந்த ஊர்களில் நானும் என் கணவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். காலையில் ஒரே ஒரு கலைப்படைப்பு. நண்பகலில் அவசரமில்லாத ஒரு சாப்பாடு. நாளின் மற்ற நேரம் தெருக்களுக்கு. பட்டியல் போட்டு ஓடினால் எதையும் பார்த்ததாக ஆகாது. ஒரு சிற்பத்தின் முன் ஒரு மணி நேரம் நிற்கப் பழகிய கண்ணுக்குத்தான், பிறகு தட்டில் வரும் சாற்றின் நிறமும் பளபளப்பும் புலப்படும். உற்றுக் கவனிப்பது ஒரே பழக்கம். கண்ணில் பழகினால் நாக்குக்கும் வரும். பர்கண்டி எனக்குத் தந்த நம்பிக்கை இது.

திஜோனில் எங்கள் காலைப்பொழுது டியூக்குகளின் அரண்மனைக்குள் இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்தில் கழிந்தது. நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே இருக்கிறது துணிவுள்ள ஃபிலிப்பின் கல்லறை. 1381இல் சிற்பி ழான் த மார்வில் தொடங்கினார். அவருக்குப் பின் நெதர்லாந்திலிருந்து வந்த க்ளாஸ் ஸ்லூட்டர் ஏற்றார். அவரும் மறைந்தபின் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் க்ளாஸ் த வெர்வ் 1410இல் முடித்தார். மேலே கைகூப்பிப் படுத்திருக்கும் டியூக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. குனிய வேண்டும். கறுப்புப் பலகைக்குக் கீழே, சின்னச் சின்ன வளைவுகளின் ஊடே, துக்கம் கொண்டாடுவோர் ஊர்வலமாகப் போகிறார்கள். ஒவ்வொருவரும் சுமார் நாற்பது சென்டிமீட்டர் உயரம். அலபாஸ்டர் என்னும் மென்மையான வெண்கல்லில் செதுக்கியவர்கள். ஒருவர் அங்கியின் நுனியால் கண்ணைத் துடைக்கிறார். ஒருவர் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கிறார். இன்னொருவரின் முகமே தெரியவில்லை. தலையங்கி முழுக்க மூடியிருக்கிறது.

“இங்க வந்து பாரேன், இவருக்கு முகமே இல்ல. ஆனா அழுகிறார்னு தெரியுது” என்றார் கணவர். ஸ்லூட்டரின் மேதைமை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அவருக்கு முந்தைய சிற்பிகள் துக்கத்தை முகத்தில் எழுதினார்கள். ஸ்லூட்டர் அதைத் துணியின் எடைக்கு மாற்றினார். தோளிலிருந்து தரைவரை தொங்கும் கம்பளியின் கனமே அந்த மனிதரின் மனக்கனமாகிறது. துணி எங்கே மடிகிறது, எங்கே தரையில் குவிகிறது என்று கண்ணால் தொடர்ந்துகொண்டே போனால் உள்ளே இருக்கும் உடம்பு தளர்ந்திருப்பது தெரியும்.

அவருடைய இன்னொரு சாதனை ஊரின் மேற்கு ஓரத்தில், முன்பு ஷான்மோல் மடம் இருந்த இடத்தில் இருக்கிறது. இன்று அது ஒரு மனநல மருத்துவமனையின் வளாகம். மோசேயின் கிணறு என்று பெயர். ஒரு பெரிய சிலுவையின் அடிப்பீடமாக எழுந்தது. சிலுவை போய்விட்டது, பீடத்தைச் சுற்றி நிற்கும் ஆறு தீர்க்கதரிசிகள் மிஞ்சினார்கள். மோசேயின் தாடி அருவியாக இறங்குகிறது. எரேமியா கையில் விரித்த நூலை வாசிக்கிறார். அந்தக் காலத்தில் இச்சிலைகளுக்கு வண்ணமும் பொன்னும் பூசியிருந்தார்கள். எரேமியாவுக்கு உலோகத்தில் நிஜமான மூக்குக்கண்ணாடியே செய்து மாட்டியிருந்தார்கள். கண்ணாடி இன்று இல்லை. ஆனாலும் புருவத்தைச் சுருக்கி எழுத்தைத் தேடும் அந்தப் பார்வையைக் கண்டவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று விளங்கிவிடும்.

இப்படிப் பார்த்த கண்ணோடு உணவகத்துக்குப் போவதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் போய்ச் சேர வேண்டும். இரண்டு மணிக்குப் பிறகு பெரும்பாலான அடுப்புகள் அணைந்துவிடும், மறுபடி மாலை ஏழுக்குத்தான். நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்வது கட்டாய மரியாதை. அன்றைய சமையலைச் சாக்பீஸால் எழுதிய கரும்பலகையைத்தான் முதலில் படிக்க வேண்டும்; சந்தையில் அன்று காலை என்ன நன்றாக இருந்தது என்பதை அது சொல்லிவிடும். ரொட்டிக்கும் குடுவைத் தண்ணீருக்கும் காசு இல்லை. நாமாகக் கேட்கும்வரை பில் மேசைக்கு வராது. சாப்பிடுகிறவரை எழுப்பாமல் இருப்பதே அங்கே உபசாரம். 2010இல் பிரெஞ்சுக்காரர்களின் விருந்துச் சாப்பாட்டை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. தனித்தனிப் பண்டங்களைவிட, வரிசையாக வரும் உணவைக் கூடி உட்கார்ந்து நிதானமாக உண்ணும் அந்த முறைக்கே அந்த மதிப்பு.

திஜோன் என்றால் கடுகு. கடுகைத் தாளித்தே பழகிய நம் சமையலில் எண்ணெய்ச் சூடு அதன் காரத்தை அடக்கி மணத்தை எடுக்கிறது. பர்கண்டியில் நேர்எதிர். விதையைச் சூடுபடாமல் ஈரத்தோடு அரைக்கிறார்கள்; அப்போதுதான் உள்ளே பிரிந்து கிடக்கும் இரண்டு பொருள்கள் கலந்து, மூக்குவரை ஏறும் காரம் பிறக்கும். போன் நகரில் 1840இல் தொடங்கிய ஃபாலோ ஆலை இன்றும் கல் இயந்திரத்தில் அரைக்கிறது; கல் மெதுவாகச் சுற்றுவதால் விழுது சூடேறாது. தட்டின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, இறைச்சியோடு தொட்டுச் சாப்பிட்டால் அந்தக் காரம் ஒரு நொடி சீறி உடனே அடங்கும்.

போன் நகரின் பெருமை ஒரு தர்ம ஆஸ்பத்திரி. டியூக்கின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலனும் அவர் மனைவி கிகோன் த சலனும், போராலும் பஞ்சத்தாலும் நொந்த ஏழைகளுக்காக 1443இல் நிறுவியது. 1452 புத்தாண்டு நாளில் முதல் நோயாளி வந்தார்; 20ஆம் நூற்றாண்டிலும் அது மருத்துவமனையாக இயங்கியது. தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கூரையோடு அடக்கமான கட்டடம். முற்றத்துக்குள் நுழைந்ததும் சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை ஓடுகள் வைர வடிவங்களில் மின்னுகின்றன. 1902க்குப் பிறகு புதுப்பித்த ஓடுகள்தாம், ஆனால் மூலக் கருத்து அப்படியே இருக்கிறது. அழகின் பெரும்பங்கை உள்ளே இருக்கும் நோயாளிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஏழைகளின் கூடம் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நீளம். கவிழ்த்த கப்பலின் அடிப்பகுதி போன்ற மர விதானம். உத்தரங்களின் முனைகளை வண்ணம் தீட்டிய அரக்க வாய்கள் கவ்வியிருக்கின்றன. தரை ஓடுகளில் கணவன் மனைவி இருவர் பெயரின் முதலெழுத்துகளும், அவளே ஒருத்தி என்று சொல்லும் ரோலனின் குறிக்கோள் வாசகமும், ஒரு நட்சத்திரமும். கிகோன் அவருக்கு மூன்றாவது மனைவி. அவர் 1462இல் மறைந்தபின் அந்த அம்மாள் 1470இல் சாகும்வரை இந்த ஏழைகளோடுதான் வாழ்ந்தார். அவருடைய சமாதியும் இங்கேயே.

கூடத்தின் கோடியில் இருந்த வழிபாட்டு மேடைக்காக ரோகிர் வான் டெர் வெய்டன் வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ இப்போது தனி அறையில் மங்கிய வெளிச்சத்தில் இருக்கிறது. அன்று பலகைக் கதவுகளை ஞாயிறும் திருநாளும் மட்டும் திறப்பார்கள். மற்ற நாள்களில் நோயாளிகள் கண்டது, மூடிய கதவுகளின் வெளிப்புறத்தில் மண்டியிட்டிருக்கும் ரோலனையும் கிகோனையும். திறந்தால் வானவில்லின் மேல் கிறிஸ்து, கீழே தராசு ஏந்திய மிக்கேல். ஓவியத்தின் முன் ஒரு பெரிய பூதக்கண்ணாடி நகர்கிறது. அதன் வழியே ஒவ்வொரு முகத்தையும் பார்க்கலாம். நரகத்தின் பக்கத்தில் பேயே இல்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். யாரும் பாவிகளைப் பிடித்து இழுக்கவில்லை. தங்கள் வினையின் கனத்தால் தாமாகவே சரிகிறார்கள். நோயில் கிடப்பவர்களை அசுரர்களைக் காட்டி மிரட்டாமல் அவரவர் மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிட்ட ஓவியன்!

அன்று மதியம் பெஃப் பூர்கிஞோன். பர்கண்டியின் சிவப்பு ஒயினில் மாட்டுக் கன்னக்கறியை வெங்காயம், காரட், பன்றிக்கொழுப்புத் துண்டுகளோடு மூன்று மணி நேரமாவது சிறு தீயில் வைக்கிறார்கள். உழைத்த தசைதான் இதற்கு வேண்டும். அதில் இருக்கும் சவ்வு மெல்லக் கரைந்து சாற்றுக்குப் பளபளப்பையும் வழவழப்பையும் கொடுக்கிறது. தீ கூடினால் கறி வறண்டுவிடும். தேர்ந்த சாறு கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும், விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாது. கணவர் அதைச் சோதித்துவிட்டு, “ஸ்லூட்டர் துணி மாதிரியே விழுது பாரு” என்றார். நானோ அதே ஒயின் சாற்றில் வேகவைத்த முட்டையைக் கேட்டிருந்தேன். பூண்டு தேய்த்து வாட்டிய ரொட்டியின் மேல் கருஞ்சிவப்புச் சாறு. கத்தி பட்டதும் மஞ்சள்கரு அதில் வழிந்து எல்லாப் புளிப்பையும் தணித்தது. இருவரும் வெவ்வேறு தட்டு வாங்கிப் பாதியில் மாற்றிக்கொள்வதுதான் எங்கள் ஏற்பாடு.

ஓத்தன் பேராலய வாசலில் மறுபடி அதே இறுதித் தீர்ப்பு, முன்னூறு ஆண்டு மூத்தது. சுமார் 1130இல் செதுக்கியது. கிறிஸ்துவின் காலடியில் கிஸ்லெபெர்ட்டுஸ் என்ற பெயர் கல்லில் இருக்கிறது. இங்கே பேய்களுக்குக் குறைவில்லை. தராசுத் தட்டைப் பிடித்து ஒன்று இழுக்கிறது. எங்கிருந்தோ நீண்ட இரண்டு பெருங்கைகள் ஒருவன் தலையைப் பற்றித் தூக்குகின்றன. போன் ஓவியத்தைப் பார்த்துவிட்டு இங்கு வந்தால், பயம் வெளியிலிருந்து உள்ளத்துக்குள் குடிபுகுந்த வரலாறு முழுதும் துலங்குகிறது. 1766இல் இந்தச் சிற்பம் அநாகரிகமாகப் பட்டதால் குருமார்கள் சாந்து பூசி மறைத்துவிட்டார்கள். அந்தச் சாந்துதான் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அதை உடையாமல் காத்தது. உள்ளே ஒரு தூண்தலையில் மூன்று ஞானியர் ஒரே போர்வையில் தூங்குகிறார்கள். தேவதூதன் ஒரே விரலால் ஒருவர் கையைத் தொட, அவர் மட்டும் கண் திறந்திருக்கிறார். அந்த விரலின் மென்மைக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

பர்கண்டிச் சாப்பாட்டை நான் எப்வாஸ் பாலாடைக்கட்டியோடு முடிப்பேன். திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தால் கழுவிக் கழுவிப் பழுக்கவைப்பது. ஆரஞ்சு நிறத் தோல், உள்ளே கரண்டியால் அள்ளும் குழைவு. மணம் முரட்டுத்தனமாக இருந்தாலும் ருசியில் பாலின் இனிப்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இதன் தயாரிப்பு அழியும் நிலைக்கு வந்தது. 1956இல் எப்வாஸ் கிராமத்து ரொபேர், சிமோன் பெர்த்தோ தம்பதியர்தாம் பழைய பக்குவத்தை மீட்டெடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி கட்டிய தம்பதி, பாலாடைக்கட்டியை மீட்ட தம்பதி என்று இந்தச் சீமையே இருவராகச் சேர்ந்து செய்த காரியங்களால் நிறைந்திருக்கிறது. பயணிகளாக வரும் இருவருக்கும் இது பொருந்தும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர் காட்ட வேண்டும். காட்டுவதற்கு நின்று பார்க்க நேரம் வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு படைப்பையும் ஒரு சாப்பாட்டையும் மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். மாலையில் பேச உங்களுக்குக் குறைவிருக்காது.