பகிர்ந்த பக்க அட்டவணையும் அதன் பூட்டும்

512 ஜிபி நினைவகம் கொண்ட தரவுத்தள சர்வர் ஒன்று. அதில் 300 ஜிபியைத் தரவுத்தளம் பொது நினைவகமாக வைத்திருந்தது. 1500க்கும் மேற்பட்ட பிராசஸ்கள் அதை ஒரே நேரத்தில் பயன்படுத்த முயன்றபோது நினைவகம் தீர்ந்து சர்வர் விழுந்தது. லினக்ஸ் கெர்னலுக்கு எம்ஷேர் என்ற வசதியை முன்மொழிந்தபோது ஆரக்கிள் பொறியாளர் காலித் அஜீஸ் எடுத்துக்காட்டிய நிகழ்வு இது. தரவு 300 ஜிபிதான். அந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பக்க அட்டவணைகளே மிச்ச இடத்தை விழுங்கின.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நினைவகம் 4 கேபி பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்டவணையில் 8 பைட் பதிவு வேண்டும். 300 ஜிபிக்கு அது ஏறத்தாழ 600 எம்பி. ஒவ்வொரு பிராசஸும் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்வதால் 1500 பிராசஸ்களுக்கு 878 ஜிபி ஆகிறது. அத்தனை பேரும் ஒரே விவரத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அட்டவணையையும் பகிர்ந்துகொண்டால் என்ன?

லினக்ஸ் இந்தக் கேள்விக்கு ஒரு குறுகிய பரப்பில் 2006ஆம் ஆண்டிலேயே விடை கண்டது. டேவ் மெக்கிராக்கனின் முந்தைய முயற்சியைத் தொடர்ந்து, கென் சென் என்பவர் ஹியூஜ்டிஎல்பி எனப்படும் பெரும்பக்க நினைவகத்துக்கு மட்டும் அட்டவணைப் பகிர்வைக் கொண்டுவந்தார். அன்றுமுதல் இன்றுவரை, அந்தப் பகிர்ந்த அட்டவணைக்குள் பாதுகாப்பாக நடப்பது, அதாவது பதிவுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து செல்வது, எப்படி என்பது கெர்னலின் தீராத வேலைகளில் ஒன்றாக இருக்கிறது. இன்று அங்கே நிலவும் பூட்டு முறையின் நிறையையும் குறையையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

எக்ஸ்86-64 கணினியில் பிஎம்டி எனப்படும் அட்டவணைப் பக்கம் ஒன்றில் 512 பதிவுகள் இருக்கும். ஒவ்வொரு பதிவும் 2 எம்பி பெரும்பக்கம் ஒன்றைச் சுட்டினால், அந்த ஒரே அட்டவணை 1 ஜிபி பரப்பை ஆளும். பல பிராசஸ்கள் ஒரே கோப்பின் அதே 1 ஜிபி பகுதியைப் பொதுவாக மேப் செய்திருந்தால், அவற்றின் மேல்நிலைப் பதிவுகள் எல்லாம் அந்த ஒற்றை அட்டவணையையே சுட்டலாம்.

தனி அட்டவணையில் நடப்பது எளிது. அந்தப் பிராசஸின் முகவரி வெளியைக் காக்கும் எம்மேப் பூட்டைப் படிப்பு முறையில் (பலர் ஒரே நேரத்தில் பிடிக்கலாம்) பிடித்திருந்தாலே போதும். அட்டவணையைக் கலைக்க நினைக்கும் த்ரெட் எழுத்து முறையில் (ஒருவர் மட்டுமே பிடிக்கலாம்) பூட்டுக் கிடைக்கும்வரை காத்திருக்கும். பகிர்ந்த அட்டவணையில் இந்த உறுதி உடைகிறது. கோப்பில் துளையிடுதல், பக்க இடமாற்றம் போன்ற வேலைகள் கோப்பின் பக்கமிருந்து வருகின்றன. அவை எந்தப் பிராசஸின் எம்மேப் பூட்டையும் கேட்பதில்லை. வருகிற வழியில் அட்டவணையின் பகிர்வைப் பிரித்து, மேல்நிலைப் பதிவை அழித்துவிட்டுப் போய்விடும். அதன்பின் மறுபக்கத்துப் பிராசஸும் தன் மேப்பை நீக்கினால் அட்டவணைப் பக்கம் விடுவிக்கப்பட்டு, வேறு எதற்கோ பயன்படத் தொடங்கும். இந்த இடைவெளியில் உள்ளே நடந்துகொண்டிருந்த த்ரெட்டின் கையில் இருக்கும் பாயின்டர் இப்போது யாருடைய நினைவகத்தைச் சுட்டுகிறது என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டவணைப் பதிவைக் காக்கும் சிறு பூட்டு, அந்த அட்டவணைப் பக்கத்தோடு சேர்ந்தே வைக்கப்பட்டிருக்கிறது. அட்டவணையை அடைந்த பிறகுதான் அந்தப் பூட்டைத் தொட முடியும். அட்டவணை போனால் பூட்டும் போய்விடும். ஆகவே அட்டவணையை அடையும் பயணத்தைக் காக்க வெளியே இன்னொரு பூட்டு கட்டாயம் தேவை.

இன்றைய முறையின் நிறைகள்

2020இல், லினக்ஸ் 5.7 பதிப்பில், பக்கப் பிழையை (கேட்ட முகவரிக்கு அட்டவணையில் பதிவு இல்லாதபோது எழுவது) கையாளும்போதெல்லாம், கோப்பின் மேப்புகளைக் காக்கும் ஐ-எம்மேப் பூட்டைப் படிப்பு முறையில் எடுக்க வேண்டும் என்று ஆனது. பாதுகாப்பு வந்தது; வேகம் போனது. ஒரே கோப்பைப் பயன்படுத்தும் எல்லாப் பிராசஸ்களும் ஒரே பூட்டில் வந்து நின்றன. அதைச் சரிசெய்ய, அப்போது ஹியூஜ்டிஎல்பியைப் பராமரித்த மைக் கிராவெட்ஸ், 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் விஎம்ஏ ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டைக் கொண்டுவந்தார். விஎம்ஏ என்பது ஒரு பிராசஸின் முகவரி வெளியில் ஒரு தொடர்ச்சியான பகுதி. பூட்டு இவ்வளவு சிறிய அளவுக்கு வந்ததும் தொடர்பில்லாத பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் தேவை குறைந்தது.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சமச்சீர். பகிர்வைப் பிரிக்க வருபவர் விஎம்ஏ பூட்டு, ஐ-எம்மேப் பூட்டு இரண்டையும் எழுத்து முறையில் பிடிக்க வேண்டும். உள்ளே நடப்பவர் இரண்டில் ஒன்றைப் படிப்பு முறையில் பிடித்திருந்தால் போதும். அடிக்கடி நடக்கும் வேலைக்குச் செலவு குறைவு, அரிதாக நடக்கும் வேலைக்குச் செலவு அதிகம். பூட்டு வடிவமைப்பில் இதைவிட நல்ல பங்கீடு கிடையாது.

தோல்வியைக் கையாளும் விதமும் பாராட்டத்தக்கது. விஎம்ஏ பூட்டை உருவாக்க நினைவகம் கிடைக்காவிட்டால், அந்தப் பகுதி பகிர்வில் சேராமல் ஒதுங்கிக்கொள்கிறது. பூட்டு இல்லாமல் பகிர்வு இல்லை. பிராசஸ் தன் வேலையைத் தொடர்கிறது. இழப்பது ஒரு வேக வசதியை மட்டுமே.

மூன்றாவது நிறை, 2023 ஏப்ரலில் வந்த 6.3 பதிப்பில் பீட்டர் ஷூ சேர்த்த ஹியூஜ்டிஎல்பி-வாக் என்ற நுழைவாயில். அதற்கு முன் அட்டவணைக்குள் நடக்கும் ஒவ்வொரு இடமும் தன் இஷ்டப்படி நடந்தது. பூட்டு தேவை என்பதே எங்கும் தெளிவாக எழுதப்படவில்லை. இப்போது விதி கருத்துரையாக விரிவாக எழுதப்பட்டுள்ளது. பூட்டில்லாமல் உள்ளே நுழைந்தால் லாக்டெப் என்ற சோதனைக் கருவி எச்சரிக்கிறது. எழுதிவைத்த விதியும் அதைச் சோதிக்கும் கருவியும் சேர்ந்து இருப்பது, கெர்னல் போன்ற பலர் கைபடும் நிரலுக்குப் பெரிய பலம்.

குறைகள்

அந்த நுழைவாயில் பூட்டைச் சோதிக்கிறது, தானாக எடுப்பதில்லை. எடுக்கும் பொறுப்பு அழைப்பவருடையது. லாக்டெப் சேர்த்துக் கட்டிய சோதனைக் கெர்னலில்தான் எச்சரிக்கை வரும். நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் கெர்னல்களில் அது பொதுவாக இருப்பதில்லை. சோதனையில் ஓடாத பாதை, பயன்பாட்டில் மௌனமாகத் தவறு செய்யும். அதோடு, திரும்பக் கிடைக்கும் பாயின்டரில் பூட்டின் ஆயுளைக் குறிக்கும் எதுவும் இல்லை. பூட்டை விட்ட பிறகும் அந்தப் பாயின்டரைப் பயன்படுத்துவதைத் தடுக்க மனிதக் கவனத்தைத் தவிர வேறு காவல் இல்லை.

இரண்டாவது குறை, பூட்டு மறைவாக நீள்வது. பொது நடை வழி விஎம்ஏ பூட்டைப் பிடித்தபடியே அழைத்தவரின் கால்பேக்கை ஓடவிடுகிறது. எச்எம்எம் என்ற பகுதியின் கால்பேக் அதற்குள்ளிருந்தே பக்கப் பிழையைக் கையாள அழைக்கும். பிழை கையாளும் நிரல் அதே பூட்டை மறுபடியும் கேட்கும். இந்த முட்டுக்கட்டையைத் தவிர்க்க, பூட்டை நடுவில் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும் வரிகளை அங்கே சேர்க்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அது சரி. ஆனால் நாளை புதிதாகக் கால்பேக் எழுதுபவர், தான் ஒரு பூட்டுக்குள் நிற்கிறோம் என்பதை எங்கே பார்த்து அறிவார்?

மூன்றாவது, பூட்டுகளின் வரிசை. முதலில் பக்கப் பிழைக்கான மியூடெக்ஸ் பூட்டு, பிறகு விஎம்ஏ பூட்டு, ஐ-எம்மேப் பூட்டு, கடைசியாகப் பக்கப் பூட்டு என்பது விதி. பக்க இடமாற்றமோ பக்கப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்த்திசையில் வருகிறது. அது மற்றப் பூட்டுகளை முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் வேலையைக் கைவிடும். நெரிசல் மிகுந்த நேரத்தில் நினைவகச் சீரமைப்பு நடக்காமலே போக இது இடம் தருகிறது.

நான்காவதே மிகக் கனமானது. பூட்டே எடுக்காமல் நடப்பவர்களும் கெர்னலில் உண்டு. கப்-ஃபாஸ்ட் என்ற வழி, வேகத்துக்காக இன்டரப்டுகளை மட்டும் நிறுத்திவிட்டு அட்டவணைக்குள் நடக்கிறது. மேலே சொன்ன பூட்டுகள் எதுவும் அதை நிறுத்தாது. அது நடந்துகொண்டிருக்கும்போதே பகிர்வு பிரிந்து, அட்டவணை இன்னொரு பிராசஸின் தனிச் சொத்தாக மாறினால், அது அந்நியப் பிராசஸின் நினைவகத்துக்குள் நடந்துவிடும். சிவிஇ-2025-38085 என்று பதிவான பிழை இதுதான். கூகுளின் யான் ஹார்ன் எழுதிய திருத்தம், பகிர்வைப் பிரிக்கும்போதெல்லாம் எல்லா சிபியுகளுக்கும் ஐபிஐ எனப்படும் இன்டரப்ட் அறிவிப்பு அனுப்பி, நடப்பவர்கள் வெளியேறும்வரை காத்திருந்தது. பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் பிரிக்கப்படும் ஒவ்வோர் அட்டவணைக்கும் ஓர் அறிவிப்பு என்பதால், 300 ஜிபி மேப் செய்த ஒரு பிராசஸ் முடியும்போது 300 அறிவிப்புகள்வரை போகலாம். சில பயன்பாடுகள் கடுமையாக வேகம் இழந்தன. பிரிப்புகளைத் திரட்டி ஒரே அறிவிப்பாக அனுப்ப டேவிட் ஹில்டன்பிராண்ட் மேலும் ஒரு திருத்தம் எழுத நேர்ந்தது.

பூட்டுகள் சரியாக இருந்தும் தவறு நேர்ந்ததும் உண்டு. 2021இல் பதிவான சிவிஇ-2021-4002இல், பகிர்வைப் பிரித்த பிறகு, அட்டவணையில் கண்ட முகவரிகளைச் சிபியு நினைவில் வைத்திருக்கும் டிஎல்பியைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள். பழைய முகவரிகள் சிபியுவின் நினைவில் தங்கி, விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வழிவிட்டன. நடாவ் அமித் அதைத் திருத்தினார். அட்டவணை, பூட்டு, அட்டவணையை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்ற பகிர்வு எண்ணிக்கை, டிஎல்பி ஆகிய நான்கும் ஒரே கணத்தில் ஒத்துப்போக வேண்டிய இடத்தில், பூட்டு முறை ஒன்றை மட்டும் சரியாக்கினால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

லாபமும் கடனும்

இத்தனை உழைப்பும் எதற்காக? அதே 300 ஜிபியை 2 எம்பி பெரும்பக்கங்களாக வைத்தால், ஒரு பிராசஸுக்கு அட்டவணை வெறும் 1.2 எம்பி. 1500 பிராசஸ்களுக்கும் சேர்த்து 2 ஜிபிகூட வராது. 878 ஜிபியை அந்த அளவுக்கு இறக்கியது பெரும்பக்கமே, பகிர்வு அல்ல. கென் சென்னும் 2006இல் நினைவக மிச்சத்தை முதன்மை நோக்கமாகச் சொல்லவில்லை. சிபியு கேஷில் அட்டவணைகள் அடைக்கும் இடத்தைக் குறைத்து, டிஎல்பி தவறும்போது விரைவாக நிரப்புவதே நோக்கம். அது உண்மையான லாபம்தான். ஆனால் அதற்கு ஈடாகக் கெர்னல் ஒரு தனிப் பூட்டு, தனி வரிசை விதி, தனிப் பகிர்வு எண்ணிக்கை, குறைந்தது இரண்டு பாதுகாப்புப் பிழைகள் என்று விலை கொடுத்திருக்கிறது.

என் தீர்ப்பு இது. விஎம்ஏ பூட்டும் நுழைவாயிலும் சேர்ந்த இன்றைய முறை சரியானது, பழையதைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அது பகிர்வை முதலில் செய்துவிட்டு, உரிமையைப் பிறகு தேடியதன் விளைவு. யாருக்கும் சொந்தமில்லாத அட்டவணையை எத்தனை பூட்டுப் போட்டாலும் முழுமையாகக் காக்க இயலாது. எம்ஷேர் முன்மொழிவு இந்த வகையில் நல்ல திசையில் போகிறது. பகிர்ந்த அட்டவணைகளை அது தனியொரு முகவரி வெளியின் உடைமையாக்குகிறது. எந்தப் பூட்டைப் பிடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே ஒரே விடை உண்டு.

கெர்னல் நிரல் எழுதும், சரிபார்க்கும் தோழர்களுக்கு என் வேண்டுகோள்கள் இவை. நடை வழியே பூட்டை எடுத்து, அதுவே விடும்படி இடைமுகத்தை மாற்றுங்கள். விதியைக் கருத்துரையில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஹியூஜ்டிஎல்பியைத் தொடும் எந்த மாற்றத்தையும் லாக்டெப் இல்லாத கெர்னலில் மட்டும் சோதித்து அனுப்பாதீர்கள். புதிதாக எதையேனும் பகிர முன்வரும்போது, அதைப் பிரிக்கும் நாளில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை எழுத முடியாத வடிவமைப்பை ஏற்காதீர்கள்.