சிற்றிதழ் அட்டையில் வளர்ந்த நவீன ஓவியம்

மதுரை காளவாசலில் குடியிருக்கும் ஒரு மாணவருக்கு நவீன ஓவியம் படிக்கும் ஆசை வந்தால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ வண்டி ஏற வேண்டும். அரசு கவின் கலைக் கல்லூரிகள் அந்த இரண்டு ஊர்களில்தான் உள்ளன. அழகர்கோயில் வசந்த மண்டபத்து விதான ஓவியங்களையும் விளாச்சேரி மண் பொம்மைகளையும் வைத்திருக்கும் வட்டாரத்துக்கு இது பெரிய குறை.

நவீன ஓவியத்தில் சென்னையின் இடமும் பலருக்குத் தெரிவதில்லை. இந்திய நவீன ஓவியம் என்றதும் பலரும் 1947இல் பம்பாயில் சூசா, ரஸா, ஹுசேன் முதலானோர் தொடங்கிய குழுவிலிருந்தே கதையை ஆரம்பிக்கிறார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1944இல், சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்துவிட்டார்.

சென்னைக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி கைத்தொழிலையும் சேர்த்தே கற்பித்தது. அதனால் இங்கே கைவினையும் ஓவியமும் ஒன்றையொன்று விட்டு விலகவில்லை. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டியே நவீன சிற்பம் செய்தார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது நிலம் வாங்கப் பணம் தந்தது, ஓவியர்கள் செய்து விற்ற பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும்தான்.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றின் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஜாதகக் கட்டம், அட்டவணை, கணக்குக் குறி. இடைவெளியெல்லாம் நெருக்கமாக எழுத்து. படிக்கப் போனால் ஒரு சொல்கூடப் பிடிபடாது. மேலைநாட்டு அரூப ஓவியத்தை நன்கறிந்த ஒருவர், ஊர் ஜோதிடரின் ஓலையிலிருந்து தன் அரூபத்தை எடுத்துக்கொண்டார்.

தமிழ் வாசகரிடம் இந்தச் சென்னை ஓவிய இயக்கம் வந்து சேர்ந்தது காட்சிக்கூடம் வழியாக அல்ல, அச்சு வழியாக. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளைப் பலர் முதலில் கண்டது ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களில். பிறகு ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்தபோது, ஓவியக் கண்காட்சிப் பக்கமே போகாதவர்கள்கூட அந்தக் கோட்டை அடையாளம் கண்டார்கள். 1973இல் இளம் வயதிலேயே உயிரை மாய்த்துக்கொண்ட ஓவியர் கே. ராமானுஜம், தன்னைப் பற்றிய சி. மோகனின் ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ நாவலால் இலக்கிய வாசகருக்கு நெருக்கமானார். மதுரையில் பிறந்த ஓவியர் டிராட்ஸ்கி மருதுவின் கோடும் இதழ்கள் வழியாகவே வீடுகளுக்குள் வந்தது.

ஆகவே தமிழகத்தில் இத்துறையை ஆராய்பவருக்குப் பழைய இதழ்களே முதல் ஆவணம். அந்தத் தாள்கள் பரண்களில் பொடிந்துகொண்டிருக்கின்றன. மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் சிற்றிதழ் ஓவியங்களுக்குத் தனிப்பிரிவு தொடங்க வேண்டும். வீட்டில் பழைய இதழ் வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் அவற்றை ஒரு நூலகத்தில் சேர்க்க வேண்டும்.