களிம்பின் சாட்சி

தாராபுரத்தில் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் என் அம்மா, "போதும், இதுக்கு மேல தேய்ச்சா தேஞ்சுபோயிரும்" என்பாள். அருங்காட்சியகத்தில் இந்தப் 'போதும்' யாருடையது?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது, எஸ். பரமசிவன் வெண்கலச் சிலைகளின் களிம்பை மின்பகுப்பு முறையில் நீக்கினார். 1932இல் கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் அங்குள்ள உலோகப் படிமங்களின் விவரப்பட்டியலை வெளியிட்டார்கள். அணிகலனின் வரியை வைத்துக் காலம் கணிப்பது காப்பாட்சியர் வேலை; அந்த வரி தெரியுமளவுக்கு மட்டும் களிம்பை எடுத்து நிறுத்துவது பாதுகாப்பாளர் வேலை. சைவ சித்தாந்தத்துக்குச் செம்பின் களிம்பு மலம். வரலாற்றுக்கோ அது மண்ணில் கிடந்ததன் சாட்சி. எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப வராது. 'காப்பாட்சியர்' என்ற நம் சொல்லில் காப்பு ஆட்சிக்குள் கரைந்துவிட்டது. எடுத்தவரின் கணக்கும் பட்டியலில் ஏறணும் என்கிறேன்.