கனவு மட்டும் போதுமா? ‘அக்னிச் சிறகுகள்’ நூலும் நம் வகுப்பறையும்



அம்பாங்கான் வட்டாரத்தில் தோட்டக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம், “பெரியவனானதும் என்னவாகப் போற?” என்று கேட்டுப் பாருங்கள். “டாக்டர், சார்” என்று உடனே பதில் வரும். “சரி, அதுக்கு இந்த வாரம் என்ன படிக்கப் போற?” என்று கேளுங்கள். பலர் விழிப்பார்கள். ஆசை இருக்கிறது, இலக்கு இல்லை.

நமது தன்முனைப்பு உரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் நூல், 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அப்துல் கலாமின் தன்வரலாறு, ‘அக்னிச் சிறகுகள்’. அதைக் கையில் எடுத்தாலே ‘கனவு காணுங்கள்’ என்று பேசிவிட்டு இறங்கிவிடுகிறோம். என் பார்வையில், அந்த நூலின் பலம் கனவில் இல்லை.

மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கலாம் படித்தபோது, தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவரது குழுவுக்குத் தரப்பட்டது. வேலை மந்தமாக நடந்தது. கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார்; பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள்தான் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். கலாம் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராசிரியரே நேரில் வந்து பார்த்துப் பாராட்டினார். என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், பார்க்க யார் வருவார் என்ற மூன்றும் அங்கே தெளிவாக இருந்தன.

ஆனால், இந்த நிகழ்ச்சியை அப்படியே நம் வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. கலாமுக்கு வரையும் திறன் ஏற்கெனவே இருந்தது. கழித்தலே வராத நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குக் கெடு விதித்தால் பயம்தான் மிஞ்சும். நூல் சொல்லாமல் விடும் பகுதி இதுதான்.

1981இல் பண்டூரா, ஷங்க் ஆகிய இருவரின் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கழித்தலில் பின்தங்கிய சிறுவர்களில் ஒரு குழுவிடம், ஏழு அமர்வுகளின் முடிவில் 42 பக்கங்களை முடிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், ஓர் அமர்வுக்கு ஆறு பக்கம் என்றார்கள். மொத்தக் கணக்கு ஒன்றேதான். ஆனால் ஆறு ஆறாகச் செய்தவர்களுக்கே திறனும் தன்னம்பிக்கையும் கணக்கின்மேல் ஆர்வமும் கூடின. பால்மரம் வெட்டிய நம் பெரியவர்களும் தோட்டம் முழுவதையும் எண்ணி மலைக்கவில்லை. தங்களுக்குக் கொடுத்த நிரையைத்தானே முடித்தார்கள்!

2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. ‘எட்டு ஏ’ என்று வெளியிலிருந்து வந்த இலக்கும் அதோடு போயிற்று. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை இருக்கிறது. “நீ மூன்றில் இருக்கிறாய்” என்று அறிக்கையில் எழுதிக் கொடுப்பதால் மட்டும் ஒரு பிள்ளைக்கு ஊக்கம் பிறக்காது. நான்குக்குப் போக எது குறைகிறது என்று அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை கலாமைப் பற்றிப் பேசும்போது, கனவோடு நிறுத்திவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலையைப் பிள்ளையே தேர்ந்து நோட்டில் எழுதட்டும். வெள்ளியன்று மறக்காமல் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க.